இரண்டு கையும் இடப்பக்கம்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கப்பலைப் பற்றிய கதை என்றாலும் கடலிலிருந்து வரவில்லை. சூடு ஏறாத ஒரு இஸ்திரிப் பெட்டியிலிருந்து வந்தது.

மேல்வீட்டில் அண்ணனும் அண்ணியும் இருக்கிறார்கள். கீழ்வீட்டில் நானும் என் வீட்டுக்காரரும். போன திங்கட்கிழமை அண்ணி இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கீழே வந்தாள்.

"சூடே ஏற மாட்டேங்குது. உன் வீட்டுக்காரரைக் கொஞ்சம் பாக்கச் சொல்லு" என்றாள். கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றாள். அண்ணி நின்றால் வேறு விஷயம் இருக்கிறது என்று அர்த்தம்.

"உங்க அண்ணனுக்குப் புதுக் கப்பல் வந்திருக்கு. சீஃப் இன்ஜினியரா. எலெக்ட்ரீஷியனா யாரைப் போடட்டும்னு கம்பெனியில கேட்டிருக்காங்க. வெள்ளிக்கிழமை போன் பண்ணுவாங்களாம், ஒரு பேரைச் சொல்லணுமாம்."

"யாரைச் சொல்லப்போறானாம்?"

"மனுஷன் வாயைத் திறந்தாத்தானே தெரியும். அவரா வந்து கேக்கட்டும்னு உக்காந்திருக்கார்."

அந்த 'அவர்', என் வீட்டுக்காரர், எங்கள் கூடத்தில் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தார். யாரிடம் என்றில்லாமல், "வேணுங்கிறவங்க கூப்பிடட்டும்" என்றார். பேப்பரைக் கீழே இறக்கக்கூட இல்லை.

என் வீட்டுக்காரர் கப்பல் எலெக்ட்ரீஷியன். தான் செகண்ட் இன்ஜினியராக இருந்த கப்பலுக்கு அண்ணன்தான் அவரைக் கூட்டிப்போனான். அங்கே நடந்த ஒன்றுக்குப் பிறகு இருவரும் பேசிக்கொள்வதில்லை, கம்பெனியும் அவரைக் கூப்பிடவில்லை. இப்போது தண்ணீர் மோட்டார் பழுதுபார்க்கும் கடையில் செம்புக் கம்பிச் சுருள் சுற்றுகிறார். யாராவது ஒரு சீஃப் இன்ஜினியர் 'எனக்கு இவர்தான் வேண்டும்' என்று கேட்டால் தவிர அவருக்கு இனிக் கப்பல் கிடையாது. அப்படிக் கேட்கக்கூடிய ஒரே சீஃப் இன்ஜினியர் எங்கள் தலைக்கு மேல்தான் குடியிருக்கிறான்.

எனக்கு என்ன வேண்டும் என்பதையும் ஒளிக்காமல் சொல்கிறேன். எனக்கு அவர் கப்பலுக்குப் போக வேண்டும். புருஷன் தூரப்போகட்டும் என்று ஆசைப்படுகிறவள் என்ன பெண்சாதி என்று கேட்பவர்கள், கரையில் இருக்கும் அவரோடு ஒரு வாரம் இருந்து பார்க்கலாம். வீட்டில் இருக்கிற ஸ்விட்சுகளை எல்லாம் கழற்றித் துடைத்து மாட்டி முடித்துவிட்டார். இப்போது இரண்டாவது சுற்று நடக்கிறது. சாப்பிடக் கூப்பிட்டால் வருகிறார், சாப்பிடுகிறார், போகிறார். கப்பலுக்குப் போய்வந்துகொண்டிருந்த அந்த மனிதர் இல்லை இவர்.

இரண்டு பேரிடமும் பேசிப் பார்த்தாயிற்று. காலில் விழாத குறை. மிச்சம் இருந்தது எனக்குத் தெரிந்த வேலைதான், எழுதுவது. கதை எழுதி ஒரு குடும்பத்துக்கும் நல்லது நடந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. இருந்தாலும் உட்கார்ந்தேன்.

2

முதல் வரிகள், வந்த வரிசையில்:

[கடல் அன்று கொந்தளித்துக்கொண்டிருந்தது. கருமேகங்கள் —]

என் வீட்டுக்காரர் தோளுக்குப் பின்னால் நின்று படித்தார். "அன்னிக்குக் கடல் தொட்டித் தண்ணி மாதிரி இருந்துச்சு" என்றார். அந்த வரியை அடித்துவிட்டேன்.

[கும்மிருட்டில் ஒரு குரல், "மாப்பிள்ளை" என்று —]

இது நல்ல வரி. ஆனால் இதை முதலிலேயே செலவழித்துவிட்டால் பிறகு கையில் ஒன்றும் இருக்காது. எடுத்து வைத்திருக்கிறேன்.*

[கவர்னர் எனப்படுவது டீசல் இன்ஜின்களின் வேகத்தை நிலைநிறுத்தும் பொருட்டு —]

இதை அண்ணியிடம் படித்துக் காட்டினேன். "இதுல பரீட்சை வைப்பியா?" என்றாள். அதோடு விட்டிருக்கலாம். "இந்தக் கதையில நான் எங்க வர்றேன்?" என்றும் கேட்டாள். இஸ்திரிப் பெட்டியோடு வருகிறீர்கள் என்றேன். முகம் சுண்டிப்போயிற்று.

———
* எடுத்து வைத்திருப்பதைச் சொல்லிவிட்டதால் இனி அதற்காகவே காத்திருப்பீர்கள். இருங்கள், வரும்.
———

3

பரீட்சை கிடையாது. ஆனால் கவர்னர் இல்லாமல் இந்தக் கதை ஓர் அடி நகராது. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பல்லைக் கடித்துக்கொண்டு படித்துவிடுங்கள்.

கப்பலில் விளக்கு, பம்பு, சமையலறை, சுக்கான் என்று எல்லாவற்றுக்கும் கரண்ட் வேண்டும். அதற்கென்று தனியாக டீசல் ஜெனரேட்டர்கள் இருக்கின்றன. அண்ணன் கப்பலில் ஒன்றாம் நம்பர், இரண்டாம் நம்பர் என்று இரண்டு. கரண்ட் இழுக்கும் சுமை ஏறினாலும் இறங்கினாலும் இன்ஜின் ஒரே வேகத்தில் ஓட வேண்டும். வேகம் தொய்ந்தால் டீசலைக் கூட்டியும், எகிறினால் குறைத்தும் காவல் காப்பது கவர்னர். பார்ப்பதற்கு இன்ஜினின் பக்கவாட்டில் உட்கார வைத்த ஒரு இரும்புச் சட்டி.

'இந்த வேகத்தில் ஓடு' என்று அதற்குச் சொல்லி வைக்க, தலையில் ஒரு திருகு உண்டு. கையாலேயே திருகலாம். ஆனால் அந்தச் சூட்டிலும் சத்தத்திலும் யார் போய் நிற்பது? அதனால் திருகோடு கைக்கு அடக்கமான ஒரு சின்ன மோட்டாரைப் பொருத்தி, ஒயர் இழுத்து, மேலே கன்ட்ரோல் ரூமில் ஸ்விட்ச் வைத்திருக்கிறார்கள். வலப்பக்கம் திருப்பினால் வேகம் கூடும். இடப்பக்கம் திருப்பினால் குறையும். கண்ணாடிக்குப் பின்னால் ஏசியில் நின்றபடி, கண்ணில் படாத ஒரு இன்ஜினை விரட்டலாம், அடக்கலாம்.

(இந்த இடத்தில், எழுத்தாளரும் இப்படித்தான் என்று ஆரம்பித்து ஒரு பத்தி எழுதியிருந்தேன். நன்றாகத்தான் இருந்தது. எடுத்துவிட்டேன். எல்லாவற்றையும் எழுத்தாளரோடு கொண்டுபோய் முடிச்சுப்போடுவது எங்களுக்கு ஒரு வியாதி.)

ஓடிக்கொண்டிருக்கும் ஒரு ஜெனரேட்டரோடு இன்னொன்றைச் சேர்ப்பதற்குக் கை பழக வேண்டும். நகர ஆரம்பித்த பேருந்தில் ஏறுகிறவன் அதோடு கூடவே ஓடித்தான் ஏற வேண்டும், அதே கதை. கடிகாரம் மாதிரி ஒரு மீட்டர் இருக்கிறது, அதில் ஒரே ஒரு ஊசி. இரண்டு இன்ஜின்களின் வேகமும் ஒத்துவர ஒத்துவர ஊசி மெதுவாகும். கடிகாரம் சுற்றுவதற்கு எதிர்ப்பக்கமாக அது மெல்லச் சுற்றிக்கொண்டு வந்து பன்னிரண்டைத் தொடப்போகும் நேரம் பார்த்து பிரேக்கர் என்கிற பெரிய ஸ்விட்சைப் போட வேண்டும். புதியது சேர்ந்துகொள்ளும். சேர்ந்த பிறகு சுமையைப் பங்கு பிரிக்க வேண்டும். பழையதன் ஸ்விட்சை இடப்பக்கம் திருப்பிக் கொஞ்சம் அடக்கி, அதே நேரம் புதியதன் ஸ்விட்சை வலப்பக்கம் திருப்பி விரட்டினால், சுமை ஒன்றிலிருந்து மற்றதற்கு நகரும்.

ஒரு கை இடப்பக்கம், ஒரு கை வலப்பக்கம். அண்ணன் கப்பலில் மட்டும் இரண்டு கையும் இடப்பக்கம்.

காரணம், இரண்டாம் நம்பரின் சின்ன மோட்டாருக்குப் போகும் ஒயர்களை எந்தக் காலத்திலோ யாரோ மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். வலப்பக்கம் திருப்பினால் குறையும், இடப்பக்கம் திருப்பினால் கூடும். சரி செய்யப் பெரிய நேரம் ஆகாது. ஆனால் ஒருவரும் செய்யவில்லை. கப்பலுக்குப் புதிதாக வருகிறவரிடம், "ரெண்டாம் நம்பர் தலைகீழ், பாத்துக்கங்க" என்று ஏற்கெனவே இருப்பவர் சொல்லிவிடுவார். இரண்டு தரம் தடுமாறுவார்கள், மூன்றாம் தரம் கை பழகிவிடும். அண்ணனுக்கு அது பிடித்தே போய்விட்டது. "ரெண்டு கையும் ஒரே பக்கம் போகுது, யோசிக்கவே வேணாம்" என்று விடுமுறையில் வந்தபோது சாப்பாட்டு மேசையில் இரண்டு டம்ளர்களைத் திருகிக் காட்டியிருக்கிறான். நாங்கள் எல்லாரும் சிரித்தோம். என் வீட்டுக்காரர் அன்று ஊரில் இல்லை.

அவர் அந்தக் கப்பலில் சேர்ந்தபோது, இறங்கிப் போகிற எலெக்ட்ரீஷியன் அவரிடம் இதைச் சொல்லவில்லை. செகண்ட் இன்ஜினியர் இவருடைய மச்சான்தானே, சொல்லாமலா இருப்பார் என்று நினைத்திருக்கிறார். அண்ணனோ, பொறுப்பை ஒப்படைத்துவிட்டுப் போன ஆள் சொல்லியிருப்பார் என்று நினைத்துவிட்டான்.

4

இந்த இடத்தில் ஒரு கதாபாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வந்து ஒரு நாள் முழுக்கப் பேனாவை மூடி வைத்தேன். என் வீட்டுக்காரரைத்தான் சொல்கிறேன். இவ்வளவு பெரிய விஷயத்தை ஒரு மனிதர் யாரிடமும் சொல்லாமல் செய்வாரா, வாசகர்கள் நம்புவார்களா?

பிறகு எங்கள் வீட்டுக் குளியலறைக் குழாய் ஞாபகத்துக்கு வந்தது. நாங்கள் குடிவந்த நாளிலிருந்து சொட்டிக்கொண்டிருந்த குழாய் அது. தினமும் படுக்கப்போகும் முன் அதன் கீழே ஒரு வாளி வைப்பேன். ஒரு நாள் அவர் அதைச் சரிசெய்துவிட்டார். எனக்குத் தெரியாது, நான் பாட்டுக்கு வாளி வைத்துக்கொண்டிருந்தேன். காலையில் பார்த்தால் வாளி காய்ந்து கிடக்கும், தூக்கக் கலக்கத்தில் அதையும் கவனிக்க மாட்டேன். பல நாள் கழித்துத் தெரிந்துபோய்க் கேட்டதற்கு, "நீயே நிறுத்திடுவேன்னு பாத்தேன்" என்றார். ஆகவே நம்புங்கள். செய்வார்.

அது நடந்த அன்று காலையில் இரண்டாம் நம்பரின் சின்ன மோட்டார் சரியாகப் பிடிக்காமல் வழுக்கியது. அதற்குள் ஒரு கிளட்ச் இருக்கிறது, அது தேய்ந்திருந்தது. என் வீட்டுக்காரர் பழைய மோட்டாரைக் கழற்றிவிட்டுப் புதியதைப் போட்டார். ஒயர் கொடுக்கும்போது வரைபடத்தைப் பார்த்தார், மாறியிருப்பது தெரிந்தது. வரைபடத்தில் இருந்தபடி கொடுத்தார். இன்ஜினை ஓட்டிப் பார்த்தார், வலப்பக்கம் கூடியது, இடப்பக்கம் குறைந்தது. வேகத்தைக் கச்சிதமாக வைத்து நிறுத்திவிட்டு, கை கழுவிக்கொண்டு சாப்பிடப் போனார்.

"ஒருத்தர்கிட்டயும் சொல்லலையா?" என்று நான் கேட்டிருக்கிறேன்.

"என்னன்னு சொல்றது? வலப்பக்கம் திருப்பினா வேகம் கூடுதுன்னா? ஊருக்கே தெரிஞ்ச விஷயமாச்சே அது."

இதற்குப் பதில் நீங்கள்தான் சொல்லுங்களேன்.

மத்தியானம் கப்பல் துறைமுகத்துக்குள் நுழைந்தது. அந்த நேரத்தில் கப்பலைப் பக்கவாட்டில் தள்ளும் விசிறி ஓட வேண்டும், அதற்கு ஒரு ஜெனரேட்டர் போதாது. அண்ணன் கன்ட்ரோல் ரூமில் நின்று இரண்டாம் நம்பரை ஓட்டி, ஊசியைப் பார்த்தான். வழக்கமாக ஸ்விட்சைத் திருப்பித் திருப்பி ஊசியை வழிக்குக் கொண்டுவர வேண்டியிருக்கும். அப்படித் திருப்பியிருந்தால் அங்கேயே குட்டு உடைந்திருக்கும். ஆனால் காலையில் வேகத்தைக் கச்சிதமாக வைத்தவர் ஒருவர் இருக்கிறாரே. ஊசி தானாகவே ஒழுங்காக வந்தது. அண்ணன் ஸ்விட்சைத் தொடாமலேயே பிரேக்கரைப் போட்டான்.

பிறகு, பழக்கப்படி, இரண்டு கையையும் இடப்பக்கம் திருப்பினான்.

இரண்டு இன்ஜின்களும் ஒன்றாக அடங்கின. விளக்குகள் மங்கின. வேகம் விழுவதைப் பார்த்த அண்ணன் இரண்டையும் விரட்டப் பார்த்தான். அவன் கைக்குத் தெரிந்த விரட்டல் ஒன்றாம் நம்பருக்கு வலம், இரண்டாம் நம்பருக்கு இடம். ஒன்றாம் நம்பர் ஏறியது, இரண்டாம் நம்பர் இன்னும் இறங்கியது. சுமக்க வந்தது சுமையாகிப்போனதும் பாதுகாப்பு அமைப்பு அதை வெட்டிவிட்டது. மொத்தச் சுமையும் ஒன்றாம் நம்பரின் தலையில் விழ, தாங்க முடியாமல் அதுவும் விட்டுவிட்டது. கப்பல் முழுக்க இருட்டு.

கப்பலில் அவர்கள் மச்சான் மாப்பிள்ளை இல்லை. சொந்தக்காரனுக்குச் சலுகை என்று யாரும் பேசிவிடக் கூடாது என்று அண்ணன் போட்ட சட்டம் அது. இவர் 'செகண்ட் சார்' என்பார், அவன் 'எலெக்ட்ரீஷியன்' என்பான். அந்த இருட்டில் அண்ணன் சட்டத்தை மறந்து "மாப்பிள்ளை" என்று கத்தியிருக்கிறான். இன்ஜின் அறைப் படியில் நின்றவருக்கு அது கேட்டிருக்கிறது. இருட்டைப் பார்த்துப் பயம் வரவில்லை, அந்தக் குரலைக் கேட்டதும்தான் பயம் வந்தது என்று என் வீட்டுக்காரர் ஒரே ஒரு தடவை என்னிடம் சொன்னார்.

(எடுத்து வைத்த வரி இதுதான். பரபரப்பாக வரும் என்று நினைத்தேன், இப்படி வந்திருக்கிறது. போகட்டும்.)

கரண்ட் திரும்பி வருவதற்குள் கப்பல் போன போக்கில் போய்த் துறைமுக மேடையின் விளிம்பில் மோதியது. இரும்பு நசுங்கியது. ஒருவருக்கும் காயமில்லை.

5

கம்பெனியிலிருந்து விசாரிக்க ஒருவர் வந்தார். தனித்தனியாக உட்கார வைத்துக் கேட்டார்.

அண்ணன் சொன்னது: "மாத்தினதை என்கிட்ட சொல்லலை."

என் வீட்டுக்காரர் சொன்னது: "தலைகீழா இருந்ததை என்கிட்ட சொல்லலை."

இரண்டும் உண்மை. கம்பெனிக்கு ஒரு உண்மை போதும் என்பதால் எலெக்ட்ரீஷியனை அனுப்பிவிட்டார்கள்.

எனக்கு இதில் ஆறவே ஆறாத விஷயம் ஒன்று உண்டு. இந்த இரண்டு வாக்கியங்களையும் இவர்கள் யாரோ ஒரு அதிகாரியிடம் சொன்னார்கள். ஒருவரிடம் ஒருவர் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவன் இவருக்கு மச்சான் இல்லை, 'உங்க அண்ணன்'. இவர் அவனுக்கு மாப்பிள்ளை இல்லை, 'உன் வீட்டுக்காரர்'. மாடிப்படியில் ஒருவர் செருப்புச் சத்தம் கேட்டால் இன்னொருவர் கதவுக்குப் பின்னால் நின்று, சத்தம் போன பிறகு வெளியே வருவார். இருவரும் வளர்ந்த ஆண்பிள்ளைகள் என்பதை இங்கே குறிப்பிட விரும்புகிறேன்.

6

முடிவுகள். மூன்றையும் ஒரே தாளில் எழுதினேன்.

அ) வியாழக்கிழமை சாயங்காலம் அண்ணன் படியிறங்கி வந்து, "புதுக் கப்பலுக்கு வர்றீங்களா?" என்று கேட்கிறான்.

அண்ணியின் கருத்து: "அவரா? இறங்குவாரா? நீ கதைதான் எழுதுறே, தெரியுது."

ஆ) என் வீட்டுக்காரர் படியேறிப் போய், "என்னையும் கூட்டிட்டுப் போங்க" என்று கேட்கிறார்.

இதற்கு நேரே ஓரத்தில் பென்சிலால், 'இந்தப் பாத்திரம் போகாது' என்று சின்ன எழுத்தில் எழுதியிருந்தது. யாருடைய எழுத்து என்று சொல்ல வேண்டியதில்லை. விமர்சனம் செய்கிறாராம்.

இ) வெள்ளிக்கிழமை அண்ணன் வேறு ஒரு எலெக்ட்ரீஷியனின் பேரைச் சொல்கிறான். பெட்டியோடு படியிறங்கிப் போகிறான். என் வீட்டுக்காரர் ஸ்விட்சுகளின் மூன்றாவது சுற்றை ஆரம்பிக்கிறார்.

இது நன்றாக எழுதப்பட்டிருந்தது. நடக்கப்போவது இதுதான் என்று எனக்குத் தோன்றியதே காரணமாக இருக்கும்.

7

கதையை இரண்டு பிரதிகள் எடுத்தேன். ஒன்றை அண்ணி மூலம் மேலே அனுப்பினேன். இன்னொன்றை, முடிவுகள் எழுதிய கடைசித் தாளோடு, எங்கள் சாப்பாட்டு மேசையில் வைத்தேன்.

இப்போது உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். மூன்றாம் பகுதியில் ஒரு தப்பு இருக்கிறது. கைத்தவறு இல்லை, வேண்டுமென்றே வைத்தேன். ஊசி கடிகாரத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றக் கூடாது. சேரப்போகிற இன்ஜின் துளி கூடுதல் வேகத்தோடு வர வேண்டும், அப்படி வந்தால் ஊசி கடிகாரம் சுற்றும் பக்கமே சுற்றும். எதிர்ப்பக்கம் சுற்றினால் மந்தமாக வருகிறது என்று அர்த்தம், சேர்ந்த கையோடு மற்றதன் தோளில் சாய்ந்துவிடும். இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் யாராவது படித்திருந்தால் அங்கேயே என்னைத் திட்டியிருப்பார்கள்.

என் கணக்கு இதுதான்: பெண்டாட்டி பேச்சையும் தங்கச்சி பேச்சையும் தாங்கிக்கொள்கிற இந்த இருவரும் ஒரு ஊசி தப்பான பக்கம் சுற்றுவதைத் தாங்க மாட்டார்கள். இருவரும் என்னைத் திருத்த ஓடிவருவார்கள். ஒரே மேசைக்கு வந்துதானே ஆக வேண்டும்.

வியாழக்கிழமை காலை என் வீட்டுக்காரர் கதையைப் படித்தார். பக்கம் பக்கமாக, நிதானமாக. "நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனார். அவ்வளவுதான். என் கணக்கு போயிற்று என்று நினைத்தேன். கப்பலை மறந்தே போய்விட்டாரோ என்றுகூட நினைத்தேன், அதுதான் பயமாக இருந்தது.

சாயங்காலம் அவர் திரும்பி வந்து கை கழுவிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. அண்ணன், மேல்வீட்டிலிருந்து.

"ஊசி எதிர்ப்பக்கம் சுத்துதுன்னு எழுதியிருக்கே."

"ஆமா."

"உன் வீட்டுக்காரர் படிச்சாரா?"

"காலையிலயே படிச்சாச்சு."

"படிச்சுட்டா விட்டிருக்கார்?"

"நல்லாருக்குன்னார்."

"ஊசி பாக்கக்கூடத் தெரியாதவன்னு என்னை ஊரே சிரிக்கட்டும்னு விட்டிருக்கார். அப்படித்தானே? கேக்குறேன் இரு."

போன் வைக்கும் சத்தமும் படியில் செருப்புச் சத்தமும் அடுத்தடுத்துக் கேட்டன. பின்னாலேயே அண்ணியின் செருப்பு. இந்த முறை கதவுக்குப் பின்னால் நிற்க இவருக்கு நேரமில்லை.

அண்ணன் உள்ளே வந்தான். உட்காரவில்லை. கையில் இருந்த பிரதியை மேசையில் வைத்து மூன்றாம் பகுதியை எடுத்தான். என்னைப் பார்த்து, "அவரைக் கேளு" என்றான்.

நான் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, மேசையில் இருந்த எங்கள் பிரதியில் அதே பக்கத்தைத் தேடி எடுத்து, அவன் பிரதிக்குப் பக்கத்தில் வைத்தார். 'எதிர்ப்பக்கமாக' என்ற வார்த்தை பென்சிலால் நேர்க்கோடாக அடிக்கப்பட்டிருந்தது. மேலே சின்ன எழுத்தில் 'அதே பக்கமாக' என்று இருந்தது. காலையிலேயே திருத்திவிட்டார். என்னிடம் சொல்லவில்லை. நானே அப்போதுதான் பார்க்கிறேன்.

அண்ணன் ஒரு தாளைப் பார்த்தான், மற்றதைப் பார்த்தான். தலை நிமிரவில்லை.

"திருத்தினா ஒரு வார்த்தை சொல்ல மாட்டீங்களா மாப்பிள்ளை."

துண்டு இவர் கையில் அப்படியே இருந்தது.

"தப்பா இருக்குன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்ல மாட்டீங்களா மச்சான்."

இந்த இரண்டு வாக்கியங்களையும் நான் எழுதவில்லை. நான் எழுதியிருந்தால் இவ்வளவு சாதாரணமாக எழுதியிருக்க மாட்டேன்.

8

தப்பை நான்தான் வேண்டுமென்றே வைத்தேன் என்று அங்கே சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். அண்ணி என் கையைப் பிடித்து, "டீ போடலாம் வா" என்று சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள். இந்தக் கதையில் தான் எங்கே வருகிறேன் என்று கேட்டாளே, இங்கேதான் வருகிறாள்.

தண்ணீர் கொதிக்கும்போது வெளியே நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"அந்த மோட்டாரு கிளட்ச் எந்த அளவுக்குத் தேஞ்சிருந்துச்சு?" அண்ணனின் குரல்.

"வழவழன்னு போயிருந்துச்சு. இருங்க, காட்டுறேன்." பென்சில் தேடும் சத்தம்.

டீயோடு போனபோது இருவரும் ஒரு தாளின் மேல் குனிந்திருந்தார்கள். கவர்னரும் அதன் தலையில் சின்ன மோட்டாரும் இரண்டு ஒயர்களும் வரையப்பட்டிருந்தன. என் வீட்டுக்காரர் ஒரு அம்புக்குறி போட்டார். அண்ணன் பென்சிலை வாங்கி அதன் மேல் இன்னொன்று போட்டான். "நான் இங்க நிக்கிறேன், வெளிச்சம் மங்குது, நீங்க எங்க இருந்தீங்க?" என்று கேட்டான். இவர் ஒரு புள்ளி வைத்து, "படியில" என்றார். மன்னிப்பு என்ற சொல் இரண்டு பக்கமும் வரவில்லை. புதுக் கப்பலைப் பற்றியும் ஒருவரும் பேசவில்லை. என் டீ ஆறிப்போனதுகூடத் தெரியாமல் இதையேதான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அண்ணன் எழுந்தபோது அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். கதவருகே என்னிடம், "அந்த ஊசியைத் திருத்திடு" என்றான். சரி என்றேன்.

அவன் போன பிறகுதான் கவனித்தேன். அவர்கள் படம் வரைந்தது என் கடைசித் தாளின் பின்பக்கத்தில். மூன்று முடிவுகளும் அவன் பையில் போய்விட்டன.

இதை எழுதிக்கொண்டிருப்பது வெள்ளிக்கிழமை காலை. என் வீட்டுக்காரர் இன்னும் கடைக்குக் கிளம்பவில்லை. சற்று முன் இஸ்திரிப் பெட்டியை எடுத்துக்கொண்டு, "நானே குடுத்துட்டு வந்துடுறேன்" என்று படியேறிப் போனார். மேல்வீட்டுக் கதவு திறந்தது. அவர் குரல் கீழே வரைக்கும் கேட்டது.

"மச்சான், ஒயரை மாத்தியிருக்கேன். முன்னைவிடச் சீக்கிரமே சூடேறும். சட்டையில வெக்கும்போது பாத்து வெக்கச் சொல்லுங்க."

அந்த மனிதர் ஒரு பொருளைப் பழுதுபார்த்துவிட்டு வாயால் சொன்னதை நான் கேட்பது இதுதான் முதல் தடவை. என் கண் கலங்கிவிட்டது, வேறெப்படிச் சொல்ல?

"உள்ள வாங்க மாப்பிள்ளை" என்று அண்ணன் சொன்னதும் கேட்டது. கதவு சாத்தப்பட்டது. இப்போது மேலே போன் அடிக்கிறது. அண்ணன் எடுத்துவிட்டான். என்ன பேர் சொல்கிறான் என்பது இங்கே கேட்கவில்லை, காதைத் தீட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

அவர் இறங்கி வந்ததும் எனக்குத் தெரிந்துவிடும். ஆனால் அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. என்னிடம் இருந்த முடிவுகளை அண்ணன் கொண்டுபோய்விட்டான், புதிதாக எழுத எனக்குத் தெம்பில்லை. உங்களுக்குப் பிடித்த பேரை நீங்களே போனில் சொல்லிக்கொள்ளுங்கள்.

மூன்றாம் பகுதியில் அந்த ஊசியை நான் திருத்தவில்லை. அது இன்னும் எதிர்ப்பக்கம்தான் சுற்றிக்கொண்டிருக்கிறது. சொல்லிவிட்டேன்.